எக்ஸ்ரேயை ஏ.ஐ. படித்தால் எலும்பின் பலம் தெரியுமா?

எலும்பு அடர்த்திப் பரிசோதனை, அதில் புதிதாக நுழைந்திருக்கும் ஏ.ஐ. கணிப்பு ஆகியவை பற்றி சேலம், ஏற்காடு வட்டார வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். அதற்கு முன் ஒரு சொல் குழப்பம். 'எலும்புத் தேய்மானம்' என்று நாம் இரண்டு வேறு நோய்களைச் சொல்கிறோம். முழங்கால் மூட்டுக் குருத்தெலும்பு தேய்ந்து வலிப்பது ஒன்று. எலும்பின் உட்பின்னல் மெலிந்து, லேசாக விழுந்தாலே முறிவது இன்னொன்று. இங்கே பேசுவது இரண்டாவதைப் பற்றி. அதன் பெயர் எலும்புப்புரை.

கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டு, கீழே 'எலும்பு அடர்த்தி குறைந்திருக்கலாம், ஏ.ஐ. கணிப்பு 0.71' என்று ஒரு வரி போட்டிருக்கிறார்கள். என் வயது 62. முதுகுவலிகூடக் கிடையாது. 71 சதவீதம் எலும்பு போய்விட்டதா?
*வாசகி, அஸ்தம்பட்டி*

போகவில்லை. 0.71 எலும்பின் அளவே அல்ல. 'இந்தப் படம், எலும்புப்புரை உள்ளவர்களின் படங்களைப் போல இருக்கிறது' என்பதற்கு மென்பொருள் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண் அது. நெஞ்சு எக்ஸ்ரே, டெக்சா ஸ்கேன் (எலும்பு அடர்த்தியை அளக்கும் எக்ஸ்ரே பரிசோதனை) இரண்டும் எடுத்துக்கொண்ட ஆயிரக்கணக்கானவர்களின் படங்களைக் காட்டி அதைப் பழக்கியிருப்பார்கள். விலா, காரை எலும்பு, முதுகெலும்பு ஆகியவற்றின் வெளியோட்டுத் தடிமன், உட்பின்னலின் நயம், வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம் ஆகியவற்றைத்தான் அது ஒப்பிடுகிறது. சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு மெலிந்தது மனிதக் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் 30 சதவீதத்துக்கு மேல் கனிமம் கரைந்திருக்க வேண்டும். அதற்கு முன்பே சந்தேகம் எழுப்பும் என்பதால்தான் இந்த வரிக்கு மதிப்பு.

ஆனால் சந்தேகம் தீர்ப்பாகாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் வயதுடைய 1,000 பெண்களில் 200 பேருக்கு எலும்புப்புரை இருப்பதாக வைத்துக்கொள்வோம். நோய் உள்ளவர்களில் 90 சதவீதத்தைப் பிடித்து, இல்லாதவர்களில் 80 சதவீதத்தைச் சரியாக விலக்கும் மென்பொருள் 180 பேரைச் சரியாகச் சொல்லும். நோயில்லாத 160 பேரையும் சேர்த்துச் சொல்லும். சிவப்புக்கொடி காட்டப்பட்ட 340 பேரில் பாதிக்குச் சற்று மேல்தான் உண்மை. இதே மென்பொருளை 100-க்கு 5 பேருக்கு மட்டும் நோயுள்ள இளம் வயதினரிடம் ஓட்டினால், கொடி காட்டப்பட்ட ஐந்து பேரில் ஒருவருக்குத்தான் உண்மையாக இருக்கும். மென்பொருள் மாறவில்லை, ஆட்கள் மாறினார்கள்.

வலி இல்லை என்பதை வைத்து விட்டுவிடாதீர்கள். முறியும்வரை இந்த நோய் வலிக்காது. அடுத்து எடுக்க வேண்டியது டெக்சா ஸ்கேன், இடுப்புப் பகுதி முதுகெலும்பு, தொடை எலும்பின் கழுத்து இரண்டுக்கும். அதில் வரும் டி-ஸ்கோர், உங்கள் எலும்பு அடர்த்தியை ஆரோக்கியமான இளம் வயதினரின் அடர்த்தியோடு ஒப்பிடும் எண். அது −1 வரை இயல்பு, −1-க்கும் −2.5-க்கும் இடையில் அடர்த்திக் குறைவு, −2.5 அல்லது அதற்குக் கீழே எலும்புப்புரை. கதிர்வீச்சு நெஞ்சு எக்ஸ்ரேயை விடவும் குறைவு.

டெக்சாவுக்குப் போகும் நாளில் காலையிலிருந்து கால்சியம் மாத்திரை வேண்டாம். கரையாத மாத்திரை குடலில் கிடந்தால் முதுகெலும்பின் மேல் வெள்ளையாக விழும். வெள்ளி அரைஞாண், கொசுவத்து ஊக்கு, பாவாடைக் கொக்கி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். அரைஞாண் நான்காம் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில் படத்துக்குள் வந்துவிடும். அதைக் கணினி எலும்பாகக் கணக்கெடுத்தால் டி-ஸ்கோர் பொய்யாக ஏறும். எண்கள் அச்சான தாளோடு படத்தையும் கேட்டு வாங்குங்கள். தொடைப் படத்தில் உட்பக்கம் ஒரு குமிழ் பெரிதாகத் துருத்திக்கொண்டிருந்தால், பாதத்தை உள்நோக்கித் திருப்பிக் கட்டாமல் எடுத்திருக்கிறார்கள் என்று பொருள்.

அம்மாவுக்கு 66 வயது. டெக்சாவில் முதுகெலும்பு டி-ஸ்கோர் +1.9. 'முறிவு அபாயம் குறைவு' என்று கணினியும் சொல்லிவிட்டது. ஆனால் போன வருஷம் வாசற்படியில் தடுக்கி விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்தது. முதுகு வளைய மாட்டேன் என்கிறது. சின்ன வயதில் கிணற்றுத் தண்ணீர், பிறகு போர்வெல். பல்லெல்லாம் பழுப்புக் கறை. எதை நம்புவது?
*வாசகர், காடையாம்பட்டி*

மணிக்கட்டை நம்புங்கள்.

பல்லில் கறை, விறைத்த முதுகு, வயதுக்குப் பொருந்தாத உயர்ந்த டி-ஸ்கோர் மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் முதலில் நினைக்க வேண்டியது எலும்பில் படிந்த ஃப்ளோரைடை. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறைத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது பழைய செய்தி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் (ஃப்ளோரைடால் பல்லும் எலும்பும் கெடும் நோய்) தடுப்பு என்பதும் உண்டு. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை.

பல ஆண்டுகள் இதைக் குடிக்கும்போது ஃப்ளோரைடு எலும்புக் கனிமத்துக்குள் புகுந்து, புது எலும்பைத் தாறுமாறாகப் போட வைக்கிறது. எலும்பு கனக்கிறது, எக்ஸ்ரேயில் பளிச்சென்று வெளுக்கிறது, ஆனால் நெகிழ்வு போய்விடுகிறது. கரும்பலகைச் சுண்ணக்கட்டி மாதிரி: வெள்ளை, கெட்டி, ஆனால் படக்கென்று ஒடியும். இதற்கு ஒரு பழைய சான்று உண்டு. ஃப்ளோரைடையே எலும்புப்புரைக்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்து, அமெரிக்காவின் மேயோ கிளினிக் 1990-ல் வெளியிட்ட ஆய்வு. மாதவிடாய் நின்ற 202 பெண்கள், நான்கு ஆண்டுகள். மருந்து சாப்பிட்டவர்களுக்கு முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் ஏறியது. முன்கை எலும்பில் 4 சதவீதம் இறங்கியது. முதுகெலும்பு முறிவு குறிப்பிடும்படி குறையவில்லை, மற்ற எலும்புகளின் முறிவு கூடியது. அடர்த்தி ஏறினால் பலம் ஏறும் என்ற கணக்கு ஃப்ளோரைடிடம் செல்லாது என்பது அன்றே தெரிந்துபோயிற்று.

டெக்சா அளப்பது அடர்த்தி. டெக்சாவை விடைத்தாளாக வைத்துப் பழக்கப்பட்ட ஏ.ஐ.யும் அடர்த்தியைத்தான் கணிக்கிறது. ஃப்ளோரைடு எலும்பு இல்லாத ஊர்ப் படங்களிலேயே அது பழகியிருந்தால் உங்கள் அம்மாவின் வெள்ளை முதுகெலும்பைப் பார்த்து 'பலமானது' என்று அடித்துச் சொல்லும். 'இப்படிப்பட்ட எலும்பை நான் பார்த்ததில்லை' என்று சொல்ல, அதற்கென்று தனியாகச் செய்து வைத்தால் ஒழிய, அதற்குத் தெரியாது. சேலம் வட்டாரத்தில் இந்த மென்பொருள்களிடம் நாம் பயப்பட வேண்டியது பொய் எச்சரிக்கைக்கு அல்ல, இந்தப் பொய் நிம்மதிக்குத்தான்.

இனி செய்ய வேண்டியது. முன்கைக்கு ஒரு சாதாரண எக்ஸ்ரே எடுங்கள்; இரண்டு முன்கை எலும்புகளுக்கும் நடுவிலுள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்து முள்முள்ளாகத் தெரிந்தால் ஃப்ளோரோசிஸ் ஏறத்தாழ உறுதி. சிறுநீரில் ஃப்ளோரைடு அளவு, ரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்பட்டேஸ், வைட்டமின் டி, கிரியாட்டினின் பாருங்கள். டெக்சா எடுத்த இடத்தில் முன்கை எலும்பில், மணிக்கட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் உள்ள இடத்தையும் அளக்கச் சொல்லுங்கள். முதுகெலும்பு எண்ணை ஒதுக்கிவிட்டு அதையும் தொடை எண்ணையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஃப்ளோரைடோடு கால்சியம், வைட்டமின் டி பற்றாக்குறையும் சேர்ந்தால் எலும்பு கனிமம் ஏறாமல் மென்மையாகவும் போகும். அதைச் சரிசெய்யாமல் எலும்புப்புரை மாத்திரையைத் தொடங்குவது தவறு. அதனால் மேலே சொன்ன ரத்தப் பரிசோதனை முதலில், மாத்திரை பிறகு.

தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். கொதிக்க வைப்பதால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும். ஆர்.ஓ. அல்லது அலுமினா வடிகட்டிதான் வழி, கிடைக்கிற இடத்தில் காவிரித் தண்ணீர். சமையலுக்கும் அதே தண்ணீர். குடிக்க மட்டும் மாற்றி, சோறும் குழம்பும் போர்வெல்லில் கொதித்தால் பாதிப் பயன்தான்.

ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலை. அப்பாவுக்கு 71 வயது, ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மாத்திரை விட்டுவிட்டுச் சாப்பிடுகிறார். டெக்சாவுக்காக மலையிறங்கி வர மறுக்கிறார். போன வருஷம் சிறுநீரகக் கல்லுக்கு எடுத்த சி.டி. ஸ்கேன் வீட்டில் இருக்கிறது. அதை வைத்து எலும்பைப் பார்க்க முடியுமா?
*வாசகர், நாகலூர்*

முடியும். நல்ல யோசனையும்கூட. கல்லுக்கு எடுக்கும் சி.டி. பெரும்பாலும் சாய ஊசி போடாமல் எடுப்பது. எலும்பைப் பார்க்க அதுதான் தோது. சாயம் ஏறிய படத்தில் எலும்பு உள்ளதை விட அடர்த்தியாகக் காட்டும்.

முதல் இடுப்பு முள்ளெலும்பின் நடுவில், வெளியோட்டைத் தொடாமல், ஒரு வட்டம் போட்டு அதன் சராசரியை ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் (சி.டி. படத்தில் அடர்த்தியைச் சொல்லும் அளவு) படிப்பார்கள். ஏ.ஐ. செய்வதும் இதையேதான்: எலும்பை அடையாளம் கண்டு, வட்டத்தைத் தானே போடும். 2013-ல் அமெரிக்காவில் 1,867 பேரின் சி.டி.யையும் டெக்சாவையும் ஒப்பிட்டதில், எலும்புப்புரை உள்ளவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் 160-க்குக் கீழே வந்தார்கள். நோயில்லாதவர்களில் 110-க்குக் கீழே வந்தவர்கள் மிகக் குறைவு. இந்த எண்கள் 120 கிலோவோல்ட்டில் எடுத்த படத்துக்கு. கதிர்வீச்சைக் குறைக்கக் குறைந்த வோல்ட்டேஜில் எடுத்திருந்தால் எண் பொய்யாக ஏறும்.

எண்ணை விட முக்கியமான ஒன்று அதே ஸ்கேனில் இருக்கிறது. பக்கவாட்டு வெட்டில் ஏதாவது முள்ளெலும்பு நசுங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உயரத்தில் 20 முதல் 25 சதவீதம் குறைந்திருந்தால் லேசான நசுக்கம், 40 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. கல்லைத் தேடுகிறவர் கல்லைத்தான் பார்ப்பார். நசுங்கிய முள்ளெலும்பு ரிப்போர்ட்டில் ஏறாமலே போய்விடுவது உலகம் முழுக்க நடக்கிறது. ஏ.ஐ. உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் இதுதான்: எதற்காக எடுத்த படமானாலும் சலிக்காமல் எல்லா முள்ளெலும்பையும் அளக்கும்.

ஃபிலிம் போதாது. ஸ்கேன் எடுத்த இடத்தில் பதிவு எண்ணைச் சொல்லி டைகாம் கோப்பை (ஸ்கேனின் மூலக் கணினிக் கோப்பு) சி.டி. தட்டிலோ பென் டிரைவிலோ வாங்குங்கள். பழைய கோப்புகளை அழிப்பதற்குள் கேட்டுவிடுவது நல்லது. ரேடியாலஜிஸ்ட்டிடம் கேட்க வேண்டியது இரண்டே: முதல் இடுப்பு முள்ளெலும்பின் அளவு, நசுக்கம் உண்டா இல்லையா. நசுக்கம் இருந்தால், அதற்கு வேறு காரணம் இல்லையென்று உறுதியானதும், டெக்சா எண் எதுவானாலும் அது எலும்புப்புரைதான். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவரை ஸ்கேன் எண் நன்றாக இருந்தாலும் அபாயம் உள்ளவராகவே எடுத்துக்கொள்ள வேண்டும். மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம். அது வேறு ஆபத்து.

ஃப்ராக்ஸ் என்ற இணையக் கணக்கீடும் ஏ.ஐ.தானா? அதில் பாட்டியின் இடுப்பு முறிவைப் போடலாமா?
*ஆசிரியை, ஆத்தூர்*

ஏ.ஐ. அல்ல. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் 2008-ல் வெளியிட்ட புள்ளியியல் கணக்கீடு. 40 முதல் 90 வயது வரை பொருந்தும். அடுத்த 10 ஆண்டுகளில் பெரிய முறிவு ஏற்படும் வாய்ப்பு, இடுப்பு முறிவு வாய்ப்பு என்று இரண்டு சதவீதங்கள் தரும். நாட்டுப் பட்டியலில் இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள். 20 சதவீதம், 3 சதவீதம் என்று இணையத்தில் பார்க்கும் சிகிச்சை வரம்புகள் அமெரிக்காவுக்கு வகுத்தவை.

பாட்டி கணக்கில் வரமாட்டார். அம்மா அல்லது அப்பா மட்டும். 'வழுக்கி விழுந்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லை' என்று வீட்டில் சொல்லும் கதை பெரும்பாலும் இடுப்பு முறிவுதான். அது அம்மாவின் கதையானால் தயங்காமல் 'ஆம்' போடுங்கள். அடிக்கடி விழுவதை ஃப்ராக்ஸ் கேட்காது, இரண்டாம் வகைச் சர்க்கரை நோயைக் கேட்காது. இரண்டும் உள்ளவருக்கு வருகிற எண் உண்மையை விடக் குறைவு.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இன்னும் எளிய கணக்கு ஒன்று உண்டு, ஆசியப் பெண்களுக்கென்றே வந்தது. கிலோவில் எடையிலிருந்து வயதைக் கழித்து 0.2-ஆல் பெருக்குங்கள். 70 வயது, 46 கிலோ என்றால் −4.8. −4-க்குக் கீழே போனால் எலும்புப்புரை வாய்ப்பு அதிகம், டெக்சா அவசியம். −1-க்கு மேலே குறைவு. பேனாவும் தாளும் போதும். டெக்சாவுக்கு யாரை முதலில் அனுப்புவது என்று பொறுக்கியெடுக்க, ஏ.ஐ. இல்லாத இடத்தில் இதுவே ஏராளம்.

இலவச முகாமில் குதிகாலை ஒரு கருவிக்குள் வைத்து −2.7 என்று சீட்டு கொடுத்தார்கள்.
*வாசகி, அம்மாபேட்டை*

அது அல்ட்ராசவுண்டு கருவி. −2.5 என்ற கோடு டெக்சாவுக்கு வகுத்தது. குதிகால் கருவிக்குச் செல்லாது. சீட்டைக் காட்டி மாத்திரை வாங்காதீர்கள், டெக்சா எடுங்கள்.

எக்ஸ்ரே ஃபிலிமை ஜன்னலில் பிடித்து செல்போனில் படமெடுத்து ஏ.ஐ. சாட்பாட்டிடம் கேட்டேன். எலும்பு நன்றாக இருக்கிறது என்றது. நம்பலாமா?
*வாசகர், மேட்டூர்*

வேண்டாம். எக்ஸ்ரேயின் மூலக் கோப்பில் ஆயிரக்கணக்கான சாம்பல் படிநிலைகள் உண்டு. செல்போன் படத்தில் 256 தான். எலும்பு அடர்த்தி அந்த நுணுக்கத்தில்தான் ஒளிந்திருக்கிறது. ஜன்னல் வெளிச்சம், கை நிழல், ஃபிலிமின் பளபளப்பு எல்லாம் மேலே சேர்கின்றன. தவிர, எதைக் காட்டினாலும் அமைதியாகப் பதில் எழுதும் பொதுவான சாட்பாட் வேறு, எலும்பு அளக்கவென்றே பழக்கி உரிமம் பெற்ற மென்பொருள் வேறு. ரிப்போர்ட்டில் உள்ள சொற்களுக்கு அர்த்தம் கேளுங்கள், அது நன்றாகச் சொல்லும்.

ஐந்து ரோடு பக்கம் சிறிய ஸ்கேன் சென்டர் வைத்திருக்கிறோம். நெஞ்சு எக்ஸ்ரேயில் எலும்பு பார்க்கும் ஏ.ஐ.யை வாங்கச் சொல்கிறார்கள். வாங்குவதற்கு முன் எதைச் சோதிப்பது?
*சென்டர் உரிமையாளர், சேலம்*

விற்பனையாளர் காட்டும் துல்லிய எண் அவருடைய படங்களில் வந்தது. உங்கள் எந்திரத்தில், உங்கள் ஆட்களிடம் என்ன வருகிறது என்பதே கேள்வி. மென்பொருளும் மருத்துவச் சாதனம்தான் என்பதால், மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் உரிமம் இருக்கிறதா, எந்த வயதுக்கு, நின்று எடுத்த படத்துக்கு மட்டுமா என்று முதலில் எழுத்தில் வாங்குங்கள்.

பிறகு, ஆறு மாத இடைவெளிக்குள் நெஞ்சு எக்ஸ்ரேயும் டெக்சாவும் எடுத்துக்கொண்ட 200 பேரைச் சேருங்கள். பெயரை நீக்கி, மென்பொருளில் ஓட்டி, நான்கு கட்டம் போடுங்கள்: இரண்டும் ஆம், இரண்டும் இல்லை, ஏ.ஐ. மட்டும் ஆம், டெக்சா மட்டும் ஆம். கடைசிக் கட்டத்தில் உள்ள ஒவ்வொருவரின் படத்தையும் ரேடியாலஜிஸ்ட் திறந்து பார்க்க வேண்டும். ஆண், பெண், 70 வயதுக்கு மேல், ஃப்ளோரைடுள்ள ஊர் என்று பிரித்தும் எண்ணுங்கள். ஒரு எச்சரிக்கை: டெக்சாவுக்கு வந்தவர்கள் ஏற்கெனவே சந்தேகத்தில் வந்தவர்கள். வழக்கமாக வருகிறவர்களிடம் பொய் எச்சரிக்கை இதைவிடக் கூடும்.

மென்பொருள் எலும்பை விட்டு வேறு எதையோ பார்த்து விடை சொல்வதும் உண்டு. இடுப்பு எக்ஸ்ரேயில் முறிவு கண்டுபிடிக்கும் ஏ.ஐ. பற்றி 2019-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், எந்த ஸ்கேனரில் எடுத்தது என்பது போன்ற விவரங்களைக்கூட மென்பொருளால் படத்திலிருந்தே ஊகிக்க முடிந்தது. நோயாளி, மருத்துவமனை சார்ந்த அந்த வேறுபாடுகளைச் சமப்படுத்தியதும் அதன் திறமை நாணயம் சுண்டிப் பார்க்கிற அளவுக்கு இறங்கிவிட்டது. அதனால் டிடெக்டரையோ படச் சீரமைப்பு மென்பொருளையோ மாற்றினால் பழைய சோதனை செல்லாது. மறுபடி 50 படமாவது ஓட்டிப் பாருங்கள். சாய்ந்து எடுத்த படம், கழற்றாத தாலிச் செயின், பேஸ்மேக்கர் உள்ளவற்றை 'படிக்க இயலாது' என்று திருப்பி அனுப்புகிறதா, இல்லை அதற்கும் ஒரு எண் போடுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். எல்லாவற்றுக்கும் எண் போடும் மென்பொருளை வாங்காதீர்கள். கொடி விழுந்தால் யார் நோயாளியிடம் சொல்வது, டெக்சாவுக்கு எங்கே அனுப்புவது என்பதைத் தீர்மானிக்காமல் தொடங்கவும் வேண்டாம்.

டெக்சாவில் −2.9 என்று உறுதியாகி, வாரம் ஒரு முறை அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம் தொடங்கியாயிற்று. ஆறு மாதத்துக்கு ஒரு முறை எக்ஸ்ரே எடுத்து ஏ.ஐ.யில் போட்டு முன்னேற்றம் பார்க்கலாமா? மாத்திரையைக் காலைக் காப்பியோடு போட்டுக்கொள்கிறேன், சரிதானே?
*வாசகி, ஏற்காடு*

இரண்டும் சரியில்லை. எக்ஸ்ரே ஏ.ஐ. ஆளைப் பொறுக்கியெடுக்க வந்தது, மாற்றத்தை அளக்க அல்ல. டெக்சாவுக்கே அளவுப் பிழை உண்டு. முதுகெலும்பில் ஏறத்தாழ 5 சதவீதத்துக்குள் வரும் வித்தியாசம் எந்திரத்தின் தடுமாற்றமாகவே இருக்கலாம்: அடர்த்தி எண் 0.780 இருந்தது 0.800 ஆனால் 2.6 சதவீதம்தான், ஏறியதாகச் சொல்ல முடியாது. ஒன்றிரண்டு ஆண்டு கழித்து, அதே எந்திரத்தில் எடுங்கள். சுவரோடு நின்று உயரத்தையும் குறித்து வையுங்கள். 2 சென்டிமீட்டர் குறைந்தால் ஆண்டுக் கணக்குப் பார்க்காமல் முதுகெலும்புக்குப் பக்கவாட்டு எக்ஸ்ரே.

மாத்திரை விஷயம் இதைவிட அவசரம். வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் வெறும் தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். கால்சியம் மாத்திரையை மதியத்துக்குத் தள்ளுங்கள். காப்பியோடு விழுங்கினால் உடம்பில் ஏறும் மருந்து ஏறத்தாழ 60 சதவீதம் குறைகிறது, பால் கலக்காத கடுங்காப்பியாக இருந்தாலும். அந்த ஒரு நாள் காலையில் மட்டும் காப்பி அரை மணி நேரம் காத்திருக்கட்டும்.